வாங்க ஆள் இருந்தவரை அது குப்பை இல்லை

ரோம் நகரத்தின் தெற்குப் பக்கம், டைபர் ஆற்றுக்கு அருகில், மோன்டே டெஸ்டாச்சோ என்று ஒரு குன்று இருக்கிறது. சுமார் 35 மீட்டர் உயரம், சுற்றி வந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், மேலே புல்லும் செடியும். மண்ணைக் கொஞ்சம் கிளறினால் தெரிந்துவிடும், அது முழுக்க உடைந்த ஜாடி ஓடு. கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து மூன்றாம் நூற்றாண்டு வரை ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த ஆலிவ் எண்ணெய் ஜாடிகள் அவை. ஆய்வாளர்களின் கணக்கு 5 கோடிக்கு மேல் போகிறது. காலி ஜாடியே 30 கிலோ கனக்கும். உள்ளே 70 லிட்டர் எண்ணெய் பிடிக்கும்.

இவ்வளவையும் ஏன் ஒரே இடத்தில் கொட்டினார்கள்? ரோமானியர்கள் ஜாடியை வீணாக்குகிறவர்கள் கிடையாது. மதுவும் மீன் சாறும் வந்த ஜாடிகளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தினார்கள், வெட்டி வடிகால் குழாயாக்கினார்கள், குழந்தைகளைப் புதைக்கும் பேழையாகக்கூடப் பயன்படுத்தினார்கள், ஓட்டை இடித்துச் சுண்ணாம்பில் கலந்து தளம் போட்டார்கள். எண்ணெய் ஜாடி மட்டும் எதற்கும் ஆகவில்லை. எண்ணெய் மண்ணுக்குள் ஊறிப்போய்ச் சிக்கு நாற்றம் அடிக்கும், சுண்ணாம்போடும் சரியாகச் சேராது. அதனால் உடைத்து அடுக்கினார்கள். அடுக்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், சும்மா கொட்டவில்லை. ஓரத்தில் ஜாடிகளால் தடுப்புச் சுவர் எழுப்பி, படிப்படியாக மேலேற்றி, நாற்றம் அடங்கச் சுண்ணாம்புத் தூள் தூவியிருக்கிறார்கள். ஓடுகளில் இன்றும் மை எழுத்து தெரிகிறது: காலி எடை எவ்வளவு, எண்ணெய் எடை எவ்வளவு, அனுப்பிய வணிகர் யார், எந்த ஊரில் சோதித்தார்கள் என்று. பேரரசு எங்கிருந்து சாப்பிட்டது என்பதற்கு இதைவிட நல்ல கணக்குப் புத்தகம் கிடைக்காது.

அதே ரோமில் சிறுநீருக்கு வாங்க ஆள் இருந்தது. துணி வெளுக்கிறவர்கள் அதில் இருக்கும் அமோனியாவுக்காகச் சேகரித்தார்கள், பேரரசர் வெஸ்பாசியன் அதற்கு வரியே போட்டார். ஒரே ஊர், ஒரே காலம். ஒன்றுக்கு வரி விதிக்கும் அளவுக்குக் கிராக்கி, இன்னொன்று மலையாகக் குவிகிறது. மனிதர்கள் வேண்டாததை என்ன செய்தார்கள் என்ற வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. ஒரு பொருள் குப்பையா இல்லையா என்பதை அதன் நாற்றமோ அழுக்கோ முடிவு செய்யவில்லை. அடுத்து அதைக் கேட்டு ஒருவர் வந்தாரா இல்லையா என்பதுதான் முடிவு செய்தது. இன்றைய குப்பைச் சிக்கலை நம் சோம்பேறித்தனம், ஒழுங்கின்மை என்று மட்டும் பேசுகிறவர்கள் இந்தப் பாதியைப் பார்ப்பதே இல்லை.

ஆரம்பத்திலிருந்தே வருவோம். இடம் விட்டு இடம் நகர்ந்துகொண்டிருந்த வேட்டைக்கார மக்களுக்குக் குப்பை ஒரு பிரச்சினையாக இருந்திருக்க முடியாது. எலும்பு, சாம்பல், கல் சில்லு எல்லாம் கிடந்த இடத்தில் கிடக்க, அவர்கள் போய்விடுவார்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம்தான் மேடு தொடங்குகிறது. டென்மார்க்கில் எர்டெபொல்லே என்ற இடத்தில், ஏழாயிரம் ஆண்டுக்கு முன்பிருந்து பல நூற்றாண்டுகள் மக்கள் தின்றுவிட்டுப் போட்ட சிப்பி ஓடு நூறு மீட்டருக்கு மேல் நீளமாகக் கிடக்கிறது. துருக்கியின் சாத்தால்ஹூயுக்கில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், வீடுகளுக்கு நடுவே இருந்த காலி இடங்களில் சாம்பலையும் கழிவையும் கொட்டினார்கள்; பழைய வீட்டை இடித்து நிரவி அதன் மேலேயே புது வீடு கட்டினார்கள், ஊரே உயர்ந்துகொண்டு போனது.

சிந்து சமவெளியில் கதை வேறு. மொகஞ்சதாரோவில் கி.மு. 2500 வாக்கிலேயே செங்கல் மூடி போட்ட வடிகால், வீட்டிலிருந்து தெருவுக்குக் கழிவு இறங்கும் சாய்வு, அடைத்துக்கொண்டால் இறங்கி அள்ள இடையிடையே குழி. ஒருவர் இறங்கி அள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்தவர் யார் என்பது எங்கும் பதிவாகவில்லை, இந்த வரலாறு முழுக்க அப்படித்தான். ஏதென்சில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் மலம் அள்ளுகிறவர்கள் நகர மதிலிலிருந்து பத்து ஸ்டேடியத்துக்குள், அதாவது ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்குள், எதையும் கொட்டக் கூடாது என்று மேற்பார்வை பார்க்க அதிகாரிகள் இருந்தார்கள். தூரம் சொல்லி விதித்த சட்டம். ஊருக்கு வெளியே என்றால் எங்கே, அங்கே யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அப்போதே தொடங்கிவிட்டது.

எகிப்தின் ஆக்சிரிங்கஸ் பற்றி இங்கே கொஞ்சம் நிற்காமல் போக எனக்கு மனம் வராது. நைல் வெள்ளம் எட்டாத, மழையும் அதிகம் இல்லாத பாலைவன ஓரத்து ஊர். நூற்றாண்டுக் கணக்கில் அந்த ஊர்க்காரர்கள் வேண்டாத பாப்பிரஸ் தாள்களைக் கூடை கூடையாக ஊருக்கு வெளியே கொட்டினார்கள். பாப்பிரஸ் விலை மலிவானது அல்ல. ஒரு பக்கம் கணக்கு எழுதி, பின்பக்கம் வேறு ஏதாவது எழுதி, இனி எதற்கும் ஆகாது என்றான பிறகு வந்து விழுந்தவை பல. 1896-97இல் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் தோண்டத் தொடங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஐந்து லட்சம் வரை துண்டுகள் கிடைத்தன. பழங்காலக் கிரேக்கக் கவிஞர் சாப்போவின் கவிதை வரிகள், கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் தொலைந்துபோன நாடகம் ஒன்றின் பகுதிகள் என்று அறிஞர்கள் துள்ளிக் குதித்தார்கள், சரி. எனக்குப் பிடித்தது தியோன் என்ற சிறுவன் அப்பாவுக்கு எழுதிய கடிதம். அப்பா அவனை விட்டுவிட்டு அலெக்சாந்திரியாவுக்குக் கிளம்பிவிட்டார். என்னை அழைத்துப் போகாவிட்டால் இனி உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டேன், பேச மாட்டேன், சாப்பிட மாட்டேன், தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று எழுத்துப் பிழைகளோடு மிரட்டுகிறான். ஆயிரத்து எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பெட்டியில் பூட்டி வைத்த எத்தனையோ ஆவணம் எரிந்தும் செல்லரித்தும் போயிருக்க, இது குப்பைமேட்டில் கிடந்ததால் பிழைத்தது.

இதற்கு நேர்மாறான வழக்கமும் உண்டு: தூக்கியெறியவே கூடாது என்பது. கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்ற யூத மரபின்படி, கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் ஓர் அறையில் பழைய தாள்களைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். கடைக் கணக்கு, திருமண ஒப்பந்தம், கடன் சீட்டு எல்லாம் அதில் சேர்ந்துவிட்டன. சுமார் ஆயிரம் ஆண்டுச் சேகரம். இன்று கேம்பிரிட்ஜில் மட்டும் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான துண்டுகள் இருக்கின்றன.

மத்தியகால ஐரோப்பிய நகரங்களைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த சித்திரம், ஜன்னலிலிருந்து மலச் சட்டியைத் தெருவில் கவிழ்ப்பது. அது நடந்தது, ஆனால் அது மட்டும் நடக்கவில்லை. 1388இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் பள்ளத்திலும் ஆற்றிலும் குடலையும் கழிவையும் கொட்டுவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. லண்டனில் மலக்குழி வாருகிறவர்கள் இரவில் மட்டும்தான் வேலை செய்யலாம், நல்ல கூலியும் இருந்தது; வாரியதை வயலுக்கு எருவாகக் கொண்டுபோனார்கள். நகரம் சாப்பிடுவது கிராமத்திலிருந்து வரும், கழிவு கிராமத்துக்குத் திரும்பும். இந்தச் சுற்று ஓரளவு ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சுற்றை மிகக் கச்சிதமாக ஓட்டியவர்கள் ஜப்பானியர்கள்தான் என்று நினைக்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், சுமார் பத்து லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களுடைய மலத்துக்கு விலை இருந்தது, உரிமையாளரும் இருந்தார்: அடுக்கு வீடுகளில் மலம் வீட்டுக்காரருக்குச் சொந்தம். ஒசாகாவில் சிறுநீர் மட்டும் குடியிருப்பவருக்கு. சுற்றுவட்டார விவசாயிகள் காய்கறியோ பணமோ கொடுத்து எடுத்துப் போவார்கள். நன்றாகச் சாப்பிடும் பிரபுக்கள் மாளிகையிலிருந்து எடுத்ததற்கு ஒரு விலை, ஏழைகள் குடியிருப்பிலிருந்து எடுத்ததற்கு அதைவிடக் குறைந்த விலை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் விலை அதிகமாகிப்போய், குறைக்கச் சொல்லிக் கிராமங்கள் ஒன்றுசேர்ந்து அரசுக்கு மனு கொடுத்தன. மலத்தின் விலையைக் குறைக்கச் சொல்லி மனு! இன்று ஒரு நகராட்சி அதை அப்புறப்படுத்த எவ்வளவு செலவழிக்கிறது என்பதோடு வைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் அளவு புரியும்.

மலம் மட்டும் இல்லை. சாம்பல் வாங்க ஆள், உருகி வழிந்த மெழுகை வாங்க ஆள், ஓட்டைக் குடையின் கம்பியை வாங்க ஆள், பழைய தாளை வாங்கிக் கூழாக்கி மறுபடி தாளாக்க ஆள் என்று தெருவில் வந்துகொண்டே இருந்தார்கள். அப்படியும் மிஞ்சியது இருந்தது. 1655இல் ஆற்றிலும் கால்வாயிலும் கொட்டுவதைத் தடுத்து, கழிமுகத்தில் ஓரிடத்தில் கொட்டச் சொன்னார்கள், அது மெல்ல நிலமானது. இதை ஒரு பொற்காலமாக வர்ணிக்க நான் தயாராக இல்லை. மல எருவோடு குடல் புழுவும் சுற்றிக்கொண்டே இருந்தது, அள்ளிச் சுமந்தவர்களுக்கு அந்த வேலை ஒன்றும் இனிமையாக இருந்திருக்காது. ஆனால் அங்கே ஒரு பொருள் கையை விட்டுப் போகும்போது அடுத்த கை காத்திருந்தது.

ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இதே கதைதான், வேறு பொருள்களில். அப்போது காகிதம் செய்ய மரக்கூழ் கிடையாது. லினன், சணல், பருத்திக் கந்தல்தான் மூலப்பொருள். அச்சகம் பெருகப் பெருகக் கந்தலுக்குத் தட்டுப்பாடு, சில நாடுகள் கந்தலை வெளியே அனுப்பத் தடையே போட்டன. கிழிந்த சட்டை கந்தல் பொறுக்குகிறவரிடம் போய், ஆலைக்குப் போய், புத்தகமாக வரும். எலும்புக்கு அதைவிடக் கிராக்கி: வேக வைத்துக் கொழுப்பை எடுத்தால் சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும், பசைக்கு, பொத்தானுக்கு, கத்திப்பிடிக்கு, கருக்கி எடுத்த கரியால் சர்க்கரையை வெளுக்க, மிச்சத்தைப் பொடித்தால் வயலுக்கு. ஓர் எலும்பிலிருந்து இத்தனை தொழில்.

லண்டன் வீடுகளில் குப்பை என்றாலே பெரும்பகுதி நிலக்கரிச் சாம்பல். அதை அள்ளிப்போகும் உரிமைக்கு ஒப்பந்தக்காரர்கள் திருச்சபை வட்டங்களுக்கு, அதாவது அன்றைய உள்ளாட்சிகளுக்கு, பணம் கட்டினார்கள், தலைகீழாக இல்லை, அவர்கள்தான் கட்டினார்கள். வண்டி குப்பை முற்றத்துக்கு வரும். அங்கே இடுப்பளவு குவியலுக்கு நடுவே பெண்கள் சல்லடையோடு நிற்பார்கள். நன்றாகச் சலித்த நுண்சாம்பல் செங்கல் மண்ணில் கலக்க, பாதி எரிந்த கரித்துண்டு அதே செங்கல்லைச் சுட, கந்தல் ஒரு கூடை, எலும்பு ஒரு கூடை, உலோகம், கண்ணாடி, பழைய காலணி தனித்தனி. லண்டன் வேகமாக வளர்ந்தபோது அந்த வீடுகளின் செங்கல்லில் பழைய வீடுகளின் அடுப்புச் சாம்பல் இருந்தது. அந்தப் பெண்கள் நாள் முழுக்கச் சுவாசித்த தூசியையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அப்புறம் சில பத்தாண்டுகளுக்குள் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். இந்த இடத்தைத்தான் குப்பை வரலாற்றின் திருப்பம் என்று சொல்வேன், பிளாஸ்டிக்கை இல்லை. 1840களில் பெருவிலிருந்து கடற்பறவை எச்சம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்தது, அதே காலத்தில் செயற்கைப் பாஸ்பேட் உரம் வந்தது, 1913இல் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து உரத்துக்கான அமோனியா செய்யும் ஆலை ஜெர்மனியில் ஓடத் தொடங்கியது. நகரத்து எருவுக்காக வண்டி கட்டிக்கொண்டு வர விவசாயிக்கு இனி என்ன தேவை? 1844இல் ஜெர்மனியில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை வந்தது, நூற்றாண்டு முடிவதற்குள் செய்தித்தாள்கள் மரத்துக்கு மாறிவிட்டன, கந்தல் விலை விழுந்தது. லண்டன் சாம்பலுக்கும் மதிப்புக் குறைய, ஒப்பந்தக்காரருக்கு நகரம் பணம் கொடுக்கும் நிலை வந்தது.

இதற்கு நடுவில் காலரா. தண்ணீர் ஊற்றும் கழிப்பறை பரவியபோது மலக்குழிகள் நிரம்பி வழிந்தன, வழிந்தது தேம்ஸ் நதிக்குப் போனது, அந்த நதியிலிருந்துதான் பலருக்குக் குடிநீர். 1858 கோடையில் நதி நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறிய பிறகுதான் பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட்டின் பெரும் கழிவுநீர்க் கால்வாய்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. எத்தனையோ ஆயிரம் உயிரைக் காப்பாற்றிய வேலை அது, அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் வயலுக்குப் போக வேண்டிய சத்து அன்றிலிருந்து கடலுக்குப் போகிறது. 1875 பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தபின் இங்கிலாந்தில் வீட்டுக் குப்பையை ஒரு கலனில் போட்டு வைக்க, உள்ளாட்சி வந்து எடுத்துப்போகும் முறை நிலைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நாட்டிங்ஹாமில் குப்பை எரிக்கும் உலை வந்திருந்தது.

பாரிசில் 1883 நவம்பரில் நகர நிர்வாகி யூஜின் புபெல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூடியுள்ள தொட்டி வைக்க ஆணையிட்டார். கவனியுங்கள், ஒன்று இல்லை, மூன்று: அழுகும் குப்பைக்கு ஒன்று, தாளுக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. தரம் பிரித்துப் போடுங்கள் என்று இன்று நாம் கேட்பது அன்றே சொல்லப்பட்டுவிட்டது. எதிர்த்துப் போராடியவர்கள் யார் என்றால் கந்தல் பொறுக்கிப் பிழைத்த ஏழைகள். தெருவில் விடிவதற்குள் கிளறிப் பொறுக்கியது அவர்கள் சோறு, தொட்டிக்குள் போனதும் அது நகரத்தின் சொத்தாகிவிட்டது.

நியூயார்க்கில் குதிரை ஒரு தனிச் சிக்கல். ஒரு குதிரை நாளைக்குப் பத்துக் கிலோ சாணம் போடும். 1880இல் மட்டும் சுமார் 15,000 செத்த குதிரைகளைத் தெருவிலிருந்து அகற்றினார்கள். 1895இல் துப்புரவுப் பொறுப்புக்கு வந்த ஜார்ஜ் வாரிங் துப்புரவாளர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்தார், வீட்டிலேயே சாம்பல், உணவுக் கழிவு, உலர்ந்த குப்பை என்று பிரிக்கச் சொன்னார். உணவுக் கழிவு பேரன் தீவுக்குப் போய் வெந்து கொழுப்பும் உரமுமாகப் பிரிந்தது. அவர் போனபிறகு அந்த ஒழுங்கு நீடிக்கவில்லை. நகரம் பழையபடி கடலில் கொட்டியது, பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் கடற்கரையில் அது ஒதுங்கியது, அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1934இல் நிறுத்த வைத்தார்கள். கடல் மூடிக்கொண்டதும் மிஞ்சியது நிலம்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 1937இல் ஜீன் வின்சென்ஸ் என்ற பொறியாளர் ஒரு முறையைச் செய்து காட்டினார். பள்ளம் வெட்டு, குப்பையைப் போட்டு அழுத்து, அன்றன்றே மேலே மண் போட்டு மூடு. எலி இல்லை, ஈ இல்லை, நாற்றம் குறைவு, செலவும் குறைவு. உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அடியில் எந்தத் தடுப்பும் கிடையாது. மழைநீர் இறங்கி, குப்பையில் ஊறி, விஷச் சாறாக நிலத்தடி நீரில் கலந்தது, உள்ளே மீத்தேன் திரண்டது. ஃப்ரெஸ்னோ கிடங்கு 1989இல் அமெரிக்காவின் ஆபத்தான மாசுத் தளங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2001இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. இரண்டுமே நியாயமான தீர்ப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

நியூயார்க்கின் ஃப்ரெஷ் கில்ஸ் குப்பைக் கிடங்கு 1948இல், சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லித் திறக்கப்பட்டது. 53 ஆண்டு ஓடியது. 2001 மார்ச்சில் மூடினார்கள். அதே செப்டம்பரில் இரட்டைக் கோபுரச் சிதைவுகளைக் கொண்டுவந்து, மனித எச்சம் தேடிச் சலிக்க, மறுபடி திறக்க வேண்டியிருந்தது.

சரி, பிளாஸ்டிக். இரண்டாம் உலகப் போர் வரை பாட்டில் என்றால் திருப்பிக் கொடுக்கிற பொருள், கடைக்காரருக்கு அதன் மேல் உரிமையும் அக்கறையும் உண்டு. போருக்குப் பிறகு ஒருமுறை குடித்துவிட்டுத் தூக்கியெறியும் கலன் வந்தது, சாலையோரம் நிறைந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1953இல் திருப்பி எடுக்காத பீர் பாட்டிலை விற்கவே தடை போட்டது. அதே ஆண்டு கலன், குளிர்பான நிறுவனங்களின் ஆதரவோடு ஓர் அமைப்பு தொடங்கி, குப்பை போடுவது தனிமனிதரின் கெட்ட பழக்கம் என்று பிரச்சாரம் செய்தது. வெர்மான்ட் சட்டம் 1957இல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது, பிரச்சாரம் நிலைத்தது. 1956இல் நியூயார்க்கில் நடந்த பிளாஸ்டிக் தொழில் மாநாட்டில் லாயிட் ஸ்டவுஃபர் என்ற இதழாசிரியர் அந்தத் தொழிலின் எதிர்காலம் குப்பைத் தொட்டியில்தான் இருக்கிறது என்று பேசினார். வெளிப்படையான வணிகக் கணக்கு: நீடித்து உழைக்கும் பொருளை ஒருவர் ஒருமுறை வாங்குவார், தூக்கியெறிவதைத் தினமும் வாங்குவார்.

1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் 1 முதல் 7 வரை எண்களை, ஒன்றையொன்று துரத்தும் அம்பு முக்கோணத்துக்குள் போட்டு அச்சிடத் தொடங்கியது. அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்கிறது, மறுசுழற்சி ஆகுமா என்பதை அது சொல்லவே இல்லை. ஆனால் முக்கோணத்தைப் பார்த்த எவரும் வேறென்ன நினைப்பார்? 2017இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுப்படி, 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன். அதில் கழிவானது 630 கோடி டன், அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம், எரித்தது 12 சதவீதம். மீதி 79 சதவீதம் கிடங்கிலும் திறந்த வெளியிலும் கிடக்கிறது. கந்தலுக்கும் எலும்புக்கும் இருந்த கிராக்கி இதற்கு எப்போதுமே வரவில்லை, ஏனென்றால் புதுப் பிளாஸ்டிக் மலிவு, பழையதைச் சேகரித்துக் கழுவித் தரம் பிரிக்கச் செலவு அதிகம், ஒவ்வொருமுறை உருக்கும்போதும் தரம் இறங்குகிறது.

நாம் எறிவதைப் பற்றி நமக்கே சரியாகத் தெரியாது என்பதையும் ஒருவர் காட்டினார். அரிசோனா பல்கலைக்கழகத் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே 1973இல் வீட்டுக் குப்பையைச் சேகரித்து எண்ணத் தொடங்கினார். கேட்டால் பீர் குறைவாகக் குடிப்பதாகச் சொன்னார்கள், தொட்டி வேறு சொன்னது. 1987 முதல் அவர் குழு குப்பைக் கிடங்குகளையே தோண்டியது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாளை எடுத்து விரித்தால் படிக்க முடிந்தது, தேதியும் தெரிந்தது. அதைக் கொண்டே பக்கத்தில் கிடந்த உணவின் வயதைக் கணக்கிட்டார்கள், சில இறைச்சித் துண்டுகள் அடையாளம் தெரியும் நிலையில் இருந்தன. காற்றும் ஈரமும் போகாமல் அழுத்தி மூடினால் மக்க வேண்டியதும் மக்காது. எல்லோரும் குற்றம் சொன்ன குழந்தைகளின் டயப்பர் ஒரு சதவீத அளவில்தான் இருந்தது, இடத்தை அதிகம் அடைத்தது காகிதம்.

கொட்ட இடமில்லாதபோது குப்பை பயணம் போகிறது. 1987 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் இஸ்லிப் ஊர்க் குப்பை, 3,000 டன்னுக்கு மேல், மோப்ரோ என்ற படகில் கிளம்பி, பல மாநிலங்களும் மெக்சிகோவும் பெலிஸும் துரத்தியடித்து, மாதக் கணக்கில் அலைந்து புரூக்ளினுக்கே வந்து எரிந்தது. சாம்பல் இஸ்லிப்பிலேயே புதைந்தது. இதைச் சிரிப்புச் செய்தியாகச் சொன்னவர்கள் உண்டு. கியான் சீ கப்பலின் கதையை அப்படிச் சொல்ல முடியாது. 1986இல் ஃபிலடெல்ஃபியாவின் எரிஉலைச் சாம்பலோடு, சுமார் 14,000 டன், அது புறப்பட்டது. ஒருவரும் ஏற்கவில்லை. ஹைட்டியில் உரம் என்று சொல்லி கொனாயீவ் கடற்கரையில் சுமார் 4,000 டன்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பெயரை மாற்றி மாற்றி மிதந்த கப்பல் மீதியைக் கடலில் கொட்டியது. ஹைட்டியில் இறக்கியதில் மிச்சமிருந்ததை 2000இல்தான் அள்ளினார்கள், அது 2002இல் பென்சில்வேனியாவுக்கே திரும்பி ஒரு கிடங்கில் புதைந்தது. இது போன்ற சம்பவங்கள் கிளப்பிய கோபத்தில்தான் 1989இல் பாசல் ஒப்பந்தம் வந்தது: ஆபத்தான கழிவை இன்னொரு நாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் அந்த நாட்டின் முன் அனுமதி வேண்டும்.

ஆபத்தானது என்று முத்திரை விழாத பிளாஸ்டிக் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. 1992 முதல் உலகம் ஏற்றுமதி செய்த பிளாஸ்டிக் கழிவில் ஏறக்குறைய பாதியை, 45 சதவீதத்தை, சீனா வாங்கியது. அங்கே கூலி குறைவு, மூலப்பொருள் தேவை அதிகம், சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பலில் இடமும் காலி. 2018 தொடக்கத்தில் சீனா கதவை அடைத்தது. பணக்கார நாடுகளில் வீட்டுக்கு வீடு கவனமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு அன்றுதான் தெரிந்தது, தங்கள் மறுசுழற்சி என்பது பெரும்பாலும் இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் கை என்று. கப்பல்கள் மலேசியா, வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா என்று திரும்பின. அவர்களும் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். 2020 ஜனவரியில் மலேசியா 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பியதாக அறிவித்தது. பாசல் ஒப்பந்தத்தில் பிளாஸ்டிக்கையும் சேர்த்த திருத்தம் 2021இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தக் கைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. கெய்ரோவில் ஸபாலீன் என்று அழைக்கப்படும் சமூகத்தார் பல தலைமுறையாக வீடு வீடாகக் குப்பை எடுத்து, உணவுக் கழிவைப் பன்றிக்குப் போட்டு, மற்றதைக் கையால் தரம் பிரித்து, எடுத்ததில் 80 சதவீதம் வரை மறுபடி பயனுக்குக் கொண்டுவருகிறவர்கள். இவ்வளவு உயர்ந்த அளவை எட்டிய நகராட்சிகள் உலகத்திலேயே அரிது. 2003 வாக்கில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்து அவர்களை ஓரம்கட்டினார்கள். 2009இல் பன்றிக் காய்ச்சல் பயத்தில், அறிவியல் காரணம் எதுவும் இல்லாமல், நாட்டிலிருந்த சுமார் மூன்று லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். கெய்ரோ தெருக்களில் உணவுக் கழிவு அழுகிக் கிடந்தது. குப்பைமேட்டிலேயே வாழ்ந்து பொறுக்கிப் பிழைத்தவர்கள் மேல் அந்த மேடே சரிந்ததும் நடந்திருக்கிறது: 2000 ஜூலையில் பிலிப்பைன்சின் பயாத்தாசில் 200 பேருக்கு மேல், 2005இல் இந்தோனேசியாவின் லேவிகாஜாவில் 140 பேருக்கு மேல், 2017இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 110 பேருக்கு மேல் இறந்தார்கள். மழை ஊறிய குப்பைச் சரிவு நிற்காது என்பது எந்தப் பொறியாளருக்கும் தெரியும். தெரிந்தே அவர்களை அங்கே விட்டு வைத்திருந்தோம்.

மின்னணுக் கழிவிலும் இதே கைகள்தான். 2022இல் உலகம் 6.2 கோடி டன் போட்டது, முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் தங்கமும் செம்பும் இருப்பதால் வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் வெறுங்கையால் எரித்தும் அமிலத்தில் போட்டும் எடுப்பவருக்குக் காரீயம் மூச்சில் ஏறுகிறது. ஆகவே கிராக்கி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவரின் நிலை என்ன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. இன்னொரு கோடியில், யாருமே என்றைக்கும் தொடக் கூடாத கழிவு ஒன்றையும் நாம் உண்டாக்கிவிட்டோம். பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ தீவில் நிலத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே, பாறையைக் குடைந்து, அணு உலையில் எரிந்த எரிபொருளைச் செம்புக் குப்பிகளில் வைத்து மூடத் தயாராகிறார்கள். ஒரு லட்சம் ஆண்டு அது அங்கேயே இருக்க வேண்டும்.

2022 மார்ச்சில் நைரோபியில் உலக நாடுகள் ஒரு பிளாஸ்டிக் ஒப்பந்தம் செய்வோம், 2024 முடிவதற்குள் முடிப்போம் என்று முடிவெடுத்தன. 2024 கடைசியில் தென் கொரியாவின் பூசானில் முடியவில்லை, 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடியவில்லை. அங்கே சண்டை ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் அதிகம் நடக்கிறது: எவ்வளவு பிளாஸ்டிக் உற்பத்தி செய்யலாம் என்று வரம்பு போடுவதா, அல்லது உற்பத்தியைத் தொடாமல், கழிவான பிறகு அதை என்ன செய்வது என்று மட்டும் பேசுவதா. சுமார் நூறு நாடுகள் வரம்பு வேண்டும் என்கின்றன, எண்ணெய் எடுக்கும் நாடுகள் முடியாது என்கின்றன. ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் வந்துகொண்டிருக்கும் ஒரு பொருளை, அதில் பெரும்பகுதியை வாங்க ஆளே இல்லை என்று தெரிந்த பிறகும், தொட்டியிலிருந்து மட்டும் சமாளித்துவிடலாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வரம்பு கேட்கிற நாடுகள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.